பிளாட்டினம் வேண்டாம் என்ற தெய்வானை

தெய்வானை இறந்த செய்தி எனக்கு ஒரு துணிக்கடையில் கிடைத்தது. ஞாயிற்றுக்கிழமை காலை, தைக்கக் கொடுத்திருந்த ரவிக்கைகளை வாங்க ஜாலான் பெண்டஹாரா கடைத்தெருவுக்குப் போயிருந்தேன். கடைக்காரர் அளவு நாடாவைக் கழுத்தில் போட்டபடி, "டீச்சர், ஒங்களுக்குத் தெரிஞ்சிருக்கும். கெபாயா டீச்சர் தவறிட்டாங்க. காஜா பெராங்ல அவங்க வீட்ல ஒரே கூட்டமாம்" என்றார். எனக்குத் தெரிந்திருக்கவில்லை. அவர் என் முகத்தைப் பார்த்துவிட்டு அவசரமாக ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டார். முன்தினம் மாலை தலை வலிக்கிறது என்று படுத்தவள் எழுந்திருக்கவில்லையாம். இரத்தக் கொதிப்பு என்று டாக்டர் சொன்னாராம். கடைக்காரருக்குத் தெரிந்திருந்தது. அவருடைய தையல்காரருக்குத் தெரிந்திருந்தது. எதிரே பூக் கட்டும் அம்மாளுக்கும் தெரிந்திருந்தது. பள்ளியில் அவளுக்குப் பக்கத்து மேசை என்னுடையது. முதலில் எனக்கு அழுகை வரவில்லை. இத்தனை பேருக்கு எனக்கு முன்னால் எப்படித் தெரிந்தது என்ற எரிச்சல்தான் வந்தது.

அவளை அறிந்த உங்களுக்காக எழுதுகிறேன். மலாக்காவில் எங்கள் பெண்கள் பள்ளியில் படித்தவர்கள், உடன் வேலை பார்த்தவர்கள், தோட்டத்துப் பள்ளிகளில் ஒரு நாளாவது அவள் பேசக் கேட்டவர்கள் என்று உங்களில் பலர் இதை வாசிப்பீர்கள். இரங்கல் கட்டுரையில் 'அவர்' என்று எழுதுவதுதான் மரியாதை. எனக்குக் கை வரவில்லை. அவள் என்றே எழுதுகிறேன். அவளுக்குத் தமிழ் பேச ஓரளவு வரும், வாசிக்க வராது. அந்தத் தைரியத்தில்தான் எல்லாவற்றையும் எழுதுகிறேன். நான் அவள்மீது பொறாமைப்பட்டேன். இப்போதும் படுகிறேன். இதை மறைத்துவிட்டு அவளைப் பற்றி எழுத என்னிடம் அதிகமாக எதுவும் இல்லை.

நாங்கள் இருவரும் சிங்கப்பூரில் ஒரே கல்லூரியில் வேதியியல் படித்தோம். நான் ரப்பர் தோட்டத்தில் கணக்கெழுதும் கிராணியின் மகள். அவள் காஜா பெராங்கில் தலைமுறை தலைமுறையாக இருக்கும் மலாக்கா செட்டிக் குடும்பத்துப் பெண். வீட்டில் சாமி படம், விபூதி, பொங்கல் எல்லாம் உண்டு. பேச்சு மட்டும் மலாய். மலாய்ப் பெண்களைப் போல சாரோங்கும் கெபாயா என்ற மேல்சட்டையும்தான் உடுத்துவாள். அவள் தமிழை என்னிடமிருந்தும் விடுதிச் சமையல்காரரிடமிருந்தும் கற்றுக்கொண்டாள். மனிதரானாலும் பூனையானாலும் அவளுக்கு எல்லாம் 'அது'தான். "ராஜி வந்துச்சு, ராஜி கோவமா இருக்கு" என்பாள். ராஜேஸ்வரி என்ற என் பெயரை ராஜி ஆக்கியதும் அவள்தான். தேர்வுகளில் என் மதிப்பெண்கள் எப்போதும் அவளுடையதைவிட அதிகம். சோதனைக் குழாயை நான் கழுவி வைத்தால் பேராசிரியர் அதை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து மற்றவர்களுக்குக் காட்டுவார். அவள் கழுவியதைத் தூக்கிப் பிடித்தால் எல்லோரும் சிரிப்பார்கள், அவளும் சேர்ந்து சிரிப்பாள். பிறகு அந்தப் பேராசிரியர் அவள் மேசையருகேதான் நின்று பேசிக்கொண்டிருப்பார். இது எனக்குக் கல்லூரியிலேயே புரியவில்லை.

இருவருக்கும் மலாக்காவில் ஒரே பள்ளியில் வேலை கிடைத்தது. நான் புக்கிட் பாருவில் ஒரு சிறிய வீட்டில் குடியேறினேன். அவள் தாயோடு காஜா பெராங்கிலேயே இருந்தாள். அறிவியல் பிரிவுக்கு ஒரு வெள்ளைக்கார அம்மையார் தலைவி. எங்கள் ஆய்வுக்கூடத்தில் அவர் உயிராகப் பாதுகாத்த பொருள் ஒன்று உண்டு. தண்ணீரில் மின்சாரம் செலுத்தி ஹைட்ரஜனையும் ஆக்ஸிஜனையும் பிரித்துக் காட்டும் கண்ணாடிக் கருவி அது. அதன் அடியில் இரண்டு சிறிய பிளாட்டினத் தகடுகள் இருந்தன. கருவியை இரும்பு அலமாரியில் பூட்டி வைத்திருப்பார். ஆண்டுக்கு ஒரு நாள் வெளியே எடுப்பார். மாணவிகள் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு தூரத்தில் நிற்க வேண்டும். குமிழ்கள் மேலே வருவதை முன்வரிசைப் பெண்கள் பார்ப்பார்கள். பின்வரிசைப் பெண்கள் முன்வரிசைப் பெண்களின் சடைகளைப் பார்ப்பார்கள்.

சுதந்திரத்துக்கு நாள் குறிக்கப்பட்டிருந்த நேரத்தில், ஒரு தகட்டின் கம்பி கண்ணாடிக்குள்ளேயே முறிந்துவிட்டது. புதிதாக வரவழைத்தால் அறிவியல் பிரிவுக்கு ஒதுக்கிய பணம் முழுவதையும் அது ஒன்றே விழுங்கிவிடும். அம்மையாரோ ஊருக்குத் திரும்பத் தயாராகிக்கொண்டிருந்தார். ஒருநாள் எங்கள் இருவரையும் கூப்பிட்டார்.

"எனக்குப் பிறகு இந்தப் பிரிவை உங்களில் ஒருவர்தான் நடத்த வேண்டும். யார் என்று நான் எழுதிக் கொடுக்க வேண்டும். இதே பாடத்தை பிளாட்டினம் இல்லாமல் நடத்த ஒரு வழி கண்டுபிடியுங்கள். மாணவிகள் தொட்டுப் பார்க்கிற மாதிரி இருந்தால் நல்லது" என்றார்.

வெளியே வந்ததும் தெய்வானை என் கையைக் கிள்ளினாள். "ராஜி செஞ்சிடும். எனக்குத் தெரியும்" என்றாள். அவள் அதை மனதாரச் சொன்னாள். அவளோடு பழகுவதில் இருந்த கஷ்டமே அதுதான்.

நான் அன்றே வேலையைத் தொடங்கினேன். தண்ணீரில் கொஞ்சம் கந்தக அமிலம் கலந்தால்தான் மின்சாரம் நன்றாகப் பாயும். புத்தகத்தில் அப்படித்தான் இருந்தது. அமிலத்தைத் தாங்கும் மலிவான உலோகம் எது என்று தேடினேன். செம்பைப் போட்டேன், தண்ணீர் நீலமானது. இரும்பைப் போட்டேன், கரைந்தது. நிக்கல் முலாம் பூசிய தகட்டைப் போட்டேன், தண்ணீர் பச்சையாகி முலாம் உரிந்தது. டார்ச் விளக்கு பேட்டரியை உடைத்துக் கரித்தண்டை எடுத்துப் போட்டேன், அது கறுப்புத் தூளாக உதிர்ந்தது. பிளாட்டினம் என்பது என்ன என்று அந்த வாரங்களில் எனக்கு நன்றாகப் புரிந்தது. தான் கரையாமல், மாறாமல், தண்ணீரைப் பிரியவைக்கும் வேலையை மட்டும் எளிதாக்குகிறது. வினையூக்கி என்று நாம் சொல்வது அதைத்தான். அதற்கு மாற்று என் கைக்குள் எங்கும் இல்லை.

தெய்வானை இரண்டு வாரம் ஒன்றும் செய்யவில்லை. ஒரு திங்கட்கிழமை, வாழையிலையில் சுற்றிய ஏதோ பலகாரத்தோடு என் மேசைக்கு வந்தாள்.

"ராஜி, ஏன் ஆசிட்?"

"ஏன்னா என்ன? ஆசிட்தான் போடணும்."

"நேத்து அம்மா இந்தக் குவே செய்யுது. ஆயேர் அபு ஊத்துது. சாம்பத் தண்ணி. நான் பாத்துக்கிட்டே இருந்தேன். அது ஆசிட் இல்லதானே? ஆசிட்டுக்கு நேர் எதிர். அதுலயும் கரண்ட் போகும்தானே? நிக்கலு அதுல கரையாதுதானே?"

பதில் அவள் கேள்வியிலேயே இருந்தது. காஸ்டிக் சோடா கலந்த தண்ணீரில் நிக்கல் கரையாது. எந்த முதலாண்டு மாணவியும் அறிந்தது. நானும் அறிந்ததுதான். நான் உலோகத்தை மாற்றிக்கொண்டே இருந்தேன். அவள் தண்ணீரை மாற்றினாள். அந்தப் பலகாரத்தை எடுத்து வாயில் போட்டுக்கொண்டேன். அதற்கு ருசி இருந்ததா என்று நினைவில்லை.

உள்ளூரில் சைக்கிள் பாகங்களுக்கு முலாம் பூசும் பட்டறை ஒன்று இருந்தது. இருவரும் அங்கே போய் இரும்புத் தகடுகளுக்கு நிக்கல் பூசி வாங்கி வந்தோம். ஜாம் புட்டி, இரண்டு தகடுகள், காஸ்டிக் தண்ணீர், வானொலிக்குப் போடும் அக்குமுலேட்டர் பேட்டரி ஒன்று. இவ்வளவுதான் கருவி. என் மேசையில் ஒன்று, அவள் மேசையில் ஒன்று வைத்தோம். இப்போது போட்டி வேறாகிவிட்டது. ஒரே மாதிரி அக்குமுலேட்டரில் யாருடைய புட்டி அதிக வாயுவைத் தருகிறது?

சுத்தம் என் பலம். அதை நம்பினேன். வடித்த தண்ணீரை மறுபடியும் வடித்தேன். மிக உயர்ந்த தரமான காஸ்டிக்கை எடுத்தேன். தகடுகளைப் பிசுக்குப் போகத் தேய்த்து, கழுவி, தொடாமல் இடுக்கியால் எடுத்து வைத்தேன். தெய்வானை வீட்டிலிருந்து ஒரு வாளியில் தண்ணீர் கொண்டு வந்தாள். சவர்க்காரம் காய்ச்சுபவர்கள் வாங்கும் காஸ்டிக்கை அதில் கண்ணளவில் கொட்டினாள். ஒரு கரண்டியால் கலக்கினாள். அந்தக் கரண்டி எங்கிருந்து வந்தது என்று நான் கேட்கவில்லை.

இரண்டையும் இணைத்தோம். என் புட்டியில் குமிழ்கள் ஒழுங்காக, ஒவ்வொன்றாக மேலேறின. அவள் புட்டி கொதிக்கிற கஞ்சி மாதிரி பொங்கியது.

"அலாமாக்!" என்று அவள் கத்தினாள். "ராஜி, பாரு, பாரு! உன்னுது கனெக்ஷன் லூஸா?"

என் இணைப்பு தளர்வாக இல்லை. அக்குமுலேட்டரை மாற்றிப் பார்த்தோம். தகடுகளை மாற்றிப் பார்த்தோம். என் தகடுகள் அவள் புட்டியில் கொஞ்ச நேரத்தில் பொங்கின. அவள் தகடுகளை நான் நன்றாகத் தேய்த்துக் கழுவி என் புட்டியில் இட்டால் அவை சோர்ந்து போயின. நான் மேலும் கழுவினேன். மேலும் வடித்தேன். சுத்தம் கூடக் கூட என் புட்டி மந்தமானது. வகுப்பு முடிந்து போகும் பெண்கள் என் மேசையைத் தாண்டி அவள் மேசைக்குப் போய் நின்றார்கள். நான் முதுகைக் காட்டிக்கொண்டு புட்டி கழுவினேன். அந்த மாதத்தில் என் கைகள் தோலுரிந்து போயின. வீட்டில் சோறு பிசையும்போது எரிந்தது.

கடைசியில் நேராகவே கேட்டேன். "அந்தத் தண்ணியில என்ன போடுற?"

"ஒண்ணும் போடல. சாமி சத்தியமா. வீட்டுத் தண்ணி. வா, வந்து பாரு."

போனேன். காஜா பெராங்கில் அவள் வீட்டுக்குப் பின்னால் பழைய இரும்புத் தொட்டி ஒன்று இருந்தது. அடிப்பகுதி முழுக்கத் துரு. அவள் தாயார் படியில் உட்கார்ந்து தேங்காய் துருவிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் மலாயில் வரவேற்று, தட்டில் ஏதோ எடுத்து வைத்தார். நான் தொட்டியையே பார்த்துக்கொண்டிருந்தேன். பிறகு இரண்டு புட்டிகளில் அந்தத் தண்ணீரை எடுத்துக்கொண்டு பள்ளிக்குத் திரும்பினேன்.

அடுத்து நான் செய்தது என் வாழ்க்கையிலேயே நான் செய்த நல்ல வேலை. அதைச் சொல்லிக்கொள்வதில் எனக்குத் தயக்கம் இல்லை. ஒரு துருப்பிடித்த ஆணியை ஊறவைத்து, அந்தத் தண்ணீரில் சில சொட்டுகளை மட்டும் என் சுத்தமான புட்டியில் விட்டேன். வேறு எதையும் மாற்றவில்லை. கொஞ்ச நேரம் ஒன்றும் நடக்கவில்லை. பிறகு ஆக்ஸிஜன் வரும் பக்கம் விழித்துக்கொண்டது. குமிழ்கள் இரட்டித்தன, மறுபடி இரட்டித்தன. நிக்கல் தனியாக இருந்தால் சோம்பேறி. அதில் கொஞ்சம் இரும்பு ஒட்டிக்கொண்டால் வேலைக்காரி. விலையுயர்ந்த பிளாட்டினம் செய்யும் வேலையை நிக்கலும் துருவும் கூட்டாகச் செய்தன. மலாக்காவில் துருவுக்கா பஞ்சம்?

ஓடிப்போய் அவளிடம் சொன்னேன். அவள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். "அப்போ என் அழுக்குதான் கெட்டிக்காரியா? ராஜி, நீ எவ்ளோ கழுவுன! பாவம் ராஜி!" பிறகு என்னைக் கட்டிக்கொண்டாள். "நான் நூறு வருசம் இருந்தாலும் ஏன்னு கேட்டிருக்க மாட்டேன். நீ கேட்ட" என்றாள். அது உண்மை. வேலை செய்கிற பொருள் அவளுக்குக் கிடைத்தது. ஏன் வேலை செய்கிறது என்பது எனக்குக் கிடைத்தது. இரண்டில் எதைப் பார்க்க உலகம் கூட்டமாக வரும் என்று அப்போது நான் யோசிக்கவில்லை.

சுதந்திரக் கொண்டாட்டத்தை ஒட்டிப் பள்ளியில் கண்காட்சி நடந்தது. ஒவ்வொரு மாணவிக்கும் ஒரு ஜாம் புட்டிக் கலம். வரிசையாக மேசைகள். தொட்டுப் பார்க்கத் தடை இல்லை. பெற்றோர்கள் வந்தார்கள், அதிகாரிகள் வந்தார்கள், ஒரு பத்திரிகைக்காரர் வந்தார். நான் சுவரில் பெரிய அட்டையில் துருவின் காரணத்தை அழகான எழுத்தில் விளக்கியிருந்தேன். தெய்வானை சிவப்புக் கெபாயாவில் கூட்டத்தின் நடுவே நின்றாள். எல்லாப் புட்டிகளிலிருந்தும் ஹைட்ரஜனைக் குழாய் வழியாகச் சேர்த்து ஒரு பலூனை நிரப்பினாள். ஆங்கிலத்திலும் மலாயிலும் தன் தமிழிலும் மாறி மாறிப் பேசினாள். "நாங்க செஞ்சோம். ராஜியும் நானும். ராஜிதான் மூளை" என்று என் பக்கம் கையைக் காட்டினாள். எல்லோரும் திரும்பி ஒரு நொடி என்னைப் பார்த்தார்கள். அதற்குள் பலூன் அவள் கையிலிருந்து கிளம்பியது. எல்லோர் தலைகளும் மேலே போயின.

மறுநாள் பத்திரிகையில் படம் வந்தது. தெய்வானை, பலூன், சிரிக்கும் குழந்தைகள். ஓரத்தில் ஒரு முழங்கை. அது என்னுடையது. ரவிக்கைக் கையின் கரையை வைத்துக் கண்டுபிடித்தேன்.

பதவியும் அவளுக்குத்தான் போயிற்று. அம்மையார் என்னைத் தனியாகக் கூப்பிட்டு நல்ல வார்த்தைகள் நிறையச் சொன்னார். நான் நன்றி சொல்லிவிட்டு வந்தேன். அன்று மாலை தெய்வானை தாழ்வாரத்தில் என்னைப் பிடித்து நிறுத்தினாள்.

"நான் மிஸ்கிட்ட சொல்லிட்டேன். இது ராஜிக்குக் குடுங்கன்னு. அது கேக்கல."

"நான் உன்கிட்ட கேட்டேனா?"

"இல்ல, ஆனா..."

"எனக்காக நீ யார்கிட்டயும் போய் நிக்க வேணாம். உன் தர்மம் எனக்கு வேணாம்."

அவள் முகம் சுருங்கியது. அவளைப் புண்படுத்த முடியும் என்று அன்றுதான் எனக்குத் தெரிந்தது. அதில் எனக்கு ஒரு சின்னத் திருப்திகூட இருந்தது. "தர்மம் இல்ல ராஜி," என்றாள் மெதுவாக. "எனக்கு ஃபைல் எழுத சுக்கா இல்ல, புடிக்காது. உனக்குத்தான் அது சுக்கா. உண்மையத்தான் சொன்னேன்." அதற்குப் பிறகு அவள் பதவியில் இருந்த காலம் முழுவதும் கோப்புகளை நான்தான் எழுதினேன். கையெழுத்து மட்டும் அவளுடையது.

அவள் எப்படிப்பட்ட தலைவி என்பதற்கு ஒன்று சொல்கிறேன். சுதந்திரத்துக்குப் பிறகு ஒரு மேலதிகாரி பள்ளிக்கு வந்தார். இப்போது நம் அரசாங்கம்தானே, ஜாம் புட்டி எதற்கு, புதிய பிளாட்டினக் கருவியே வாங்கித் தருகிறோம் என்றார். எனக்குள் ஒரு மணி அடித்தது. எனக்கு அந்தக் கருவி வேண்டும். அதன் கண்ணாடி, அதன் ஒழுங்கு எல்லாம் வேண்டும். தெய்வானை வேண்டாம் என்றாள்.

"ஒரு பிளாட்டினம் வந்தா ஒரு அலமாரி வரும், ஒரு பூட்டு வரும். பிள்ளைங்க மறுபடி கையக் கட்டிக்கிட்டு நிக்கும். அதே காசுல புட்டியும் நிக்கலும் குடுங்க. தோட்டத்துப் பள்ளிங்களுக்கு நாங்க கொண்டு போறோம்."

அதிகாரி சிரித்தார். "பிளாட்டினம் மாதிரி வருமா டீச்சர்?"

"ஒசந்த உலோகம் வேல செஞ்சா அதுல என்ன அதிசயம், துவான்? சாதாரண இரும்பு வேல செய்யணும். அதுதான் நமக்கு வேணும்" என்றாள். இந்த வாக்கியத்தை அவளுடைய பழைய மாணவிகள் பலர் இன்றும் சொல்வதைக் கேட்கிறேன். ஒரு நாள் வரும், வெயிலில் இருந்து மின்சாரம் எடுத்து, மழைத்தண்ணீரைப் பிரித்து, அதில் வரும் ஹைட்ரஜனில் கிராமத்துக் கம்போங் வீட்டு அடுப்பு எரியும் என்பாள். அன்றைக்கு அது பிளாட்டினத்தை நம்பியிருந்தால் பணக்காரன் வீட்டில் மட்டும்தான் எரியும் என்பாள். நான் அப்போதெல்லாம் கணக்குப் போட்டு, எவ்வளவு மின்சாரம் வீணாகும் என்று காட்டுவேன். "சரி, நீ அதக் கொறை. நான் அடுப்ப வாங்கி வெக்கிறேன்" என்பாள்.

தோட்டத்துப் பள்ளிகளுக்கு உண்மையாகவே போனோம். நான் பிறந்த தோட்டத்துக்கும் ஒரு நாள் போனோம். என் அப்பா அங்கே அப்போதும் கிராணியாக இருந்தார். அந்தப் பிள்ளைகளுக்கு நான் சொந்தம், நம் தோட்டத்துப் பெண், படித்து டீச்சரானவள். அவர்கள் முன்னால் நான் நல்ல தமிழில் பாடத்தைத் தொடங்கினேன். வினையூக்கி என்ற சொல்லைக் கரும்பலகையில் எழுதினேன். பிள்ளைகள் மரியாதையாக உட்கார்ந்திருந்தார்கள். அது வேறு, கேட்பது வேறு. முன்னால் இருந்த ஒரு பெண் குழந்தை, "அப்படின்னா என்னா டீச்சர்?" என்றாள். நான் வாயைத் திறப்பதற்குள் தெய்வானை எழுந்துவிட்டாள்.

"நான் சொல்லட்டா? இங்க கங்காணி இருக்குதானே?"

பிள்ளைகள் கொல்லென்று சிரித்தார்கள். கங்காணியை 'இருக்கு' என்று சொன்ன ஆளை அவர்கள் அதற்கு முன் பார்த்ததில்லை.

"கங்காணி நின்னா வேல சீக்கிரம் நடக்கும். ஆனா கங்காணி மரம் வெட்டாது, பால் எடுக்காது. இதுவும் அப்படித்தான். ஆனா இது நல்ல கங்காணி. திட்டாது, அடிக்காது, சாயங்காலம் கள்ளுக் குடிக்காது."

பள்ளி அதிர்ந்தது. வாசலில் நின்றிருந்த என் அப்பா, வேலை நேரத்தில் சிரித்து நான் பார்த்திராத என் அப்பா, துண்டால் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கினார். பிள்ளைகள் புட்டியைச் சுற்றிக் குவிந்து, "டீச்சர், கங்காணி எது? இந்தத் தகடா?" என்று அவளைத்தான் கேட்டார்கள். கரும்பலகையில் என் சொல் அப்படியே கிடந்தது. அதற்குப் பிறகு நான் எப்போது வீட்டுக்குப் போனாலும் அப்பா கேட்கும் முதல் கேள்வி, "அந்தக் கெபாயாப் பொண்ணு வரலியா?"

அவள் என்னிடமிருந்து எதையும் பறித்ததில்லை. கேட்டால் தன்னுடையதைக் கொடுத்திருப்பாள். கேட்காமலே கொடுத்தாள். வெறுப்பதற்கு அவள் ஒரு காரணம் கொடுத்திருந்தால் எனக்கு எவ்வளவோ சுலபமாக இருந்திருக்கும்.

அவளுக்கும் தெரியாத ஒரு செய்தி உண்டு. கடந்த ஓராண்டாக, பள்ளி முடிந்து எல்லோரும் போன பிறகு நான் ஒரு புதிய தகட்டில் வேலை செய்துகொண்டிருந்தேன். நிக்கலோடு துத்தநாகத்தையும் சேர்த்து முலாம் பூச வேண்டும். பிறகு காஸ்டிக்கில் ஊறவைத்தால் துத்தநாகம் மட்டும் கரைந்து போகும். நிக்கல் மிஞ்சும், தேன்கூடு மாதிரி கண்ணுக்குத் தெரியாத ஓட்டைகளோடு. மேலே பார்க்க அதே சின்னத் தகடு. உள்ளே ஒரு தாம்பாளம் அளவு பரப்பு. துரு எழுப்பாமல் விட்ட, ஹைட்ரஜன் வரும் பக்கத்துக்கு அதுதான் மருந்து. பட்டறைக்காரர் பல முறை சலித்துக்கொண்டார். பூச்சு உரிந்தது, கறுத்தது, பொடியாய் உதிர்ந்தது. அவள் இறந்த வாரம், வெள்ளிக்கிழமைதான் அது முதல்முறையாக உரியாமல் நின்றது. அவளுடைய பழைய கலத்தைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். என்னுடையது வென்றது. சந்தேகத்துக்கு இடமில்லாமல் வென்றது. திங்கட்கிழமை காலை, அவள் வருவதற்கு முன் அதை அவள் மேசைமேல் ஓடவிட்டு, ஒன்றும் பேசாமல் என் நாற்காலியில் உட்கார்ந்திருப்பது என்று தீர்மானித்தேன். சனிக்கிழமை மாலை அவளுக்குத் தலை வலித்தது.

துணிக்கடையிலிருந்து நேராகக் காஜா பெராங்குக்குப் போனேன். தெருவெல்லாம் சைக்கிள்கள். தோட்டங்களிலிருந்து லாரியில் ஆட்கள் வந்திருந்தார்கள். மலாய்க்காரப் பெண்கள், சீனப் பெண்கள், என்னிடம் படித்தவர்கள், அவளிடம் மட்டுமே படித்ததாகச் சொல்லிக்கொள்கிறவர்கள். எத்தனை பேர் அழுதார்கள்! என் சாவுக்கு இதில் பாதி வருமா என்று அந்த இடத்திலும் எனக்குத் தோன்றியது. கூட்டத்தில் யாரோ என்னைக் காட்டி, "இவங்க கெபாயா டீச்சரோட அசிஸ்டன்ட்" என்றார். திருத்தவில்லை.

அவள் தாயார் என்னைக் கண்டதும் கையைப் பிடித்து உள்ளே அழைத்துப் போனார். "ராஜி, சூடா மாக்கான்?" என்றார். சாப்பிட்டாயா என்று கேட்டார். மகளைக் கிடத்தியிருந்த அறையின் வாசலில் நின்று இதைக் கேட்டார். நான் இல்லை என்று தலையசைத்தேன். அந்த அம்மாள் என்னைச் சமையலறையில் உட்காரவைத்து, சோறு போட்டு, நான் சாப்பிட்டு முடிக்கும்வரை பக்கத்திலேயே இருந்தார். அங்கேதான் எனக்கு அழுகை வந்தது. வந்த பிறகு நிற்கவில்லை.

பத்து நாள் கழித்துத் தலைமையாசிரியை என்னைக் கூப்பிட்டு, அறிவியல் பிரிவை நீங்கள்தான் ஏற்க வேண்டும் என்றார். ஏற்றுக்கொண்டேன். இத்தனை ஆண்டுகளாக நான் விரும்பிய நாற்காலி. ஆனால் நான் விரும்பியது அவள் உயிரோடு இருக்கும்போது கிடைக்க வேண்டும் என்று. அவள் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும், ஒரு தடவையாவது அவள் வயிறு எரிய வேண்டும் என்று. எரிந்திருக்காது. ஒரு கூடை பலகாரத்தோடு வந்து பள்ளி முழுக்க விநியோகித்திருப்பாள். அது எனக்குத் தெரியும். தெரிந்தும் ஆசைப்பட்டேன்.

அந்த வாரம் மேல்வகுப்பில் என் கலத்தை ஓட்டிக் காட்டினேன். பெண்கள் மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்தார்கள். "இது யாரு செஞ்சது டீச்சர்? கெபாயா டீச்சரா?" என்று ஒருத்தி கேட்டாள்.

"இல்லை, நான்" என்றேன். சத்தமாகச் சொன்னேன். கைதட்டினார்கள். தெய்வானை இருந்திருந்தால் முதலில் தட்டியிருப்பாள். அப்புறம் எப்படி என்று கேட்டிருப்பாள். மறுநாள் காலை ஏதோ ஒரு அழுக்கை அதில் போட்டு என் கலத்தைத் தோற்கடித்திருப்பாள். நான் மறுபடி வயிறெரிந்து மாலையில் தங்கி வேலை செய்திருப்பேன். இவ்வளவு ஆண்டுகள் நான் தங்கி வேலை செய்ததெல்லாம் அதனால்தான்.

அவளுடைய தகடுகள் பள்ளிக்குச் சொந்தம். கெபாயாக்கள் அவள் தங்கைக்குப் போய்விட்டன. அவள் சொன்னவற்றை மாணவிகள் ஆளுக்கொன்றாக எடுத்துக்கொண்டார்கள். என் பங்குக்கு நான் வைத்துக்கொண்டிருப்பது இந்தப் பொறாமை. இதில் நீங்கள் யாரும் பங்கு கேட்க வேண்டாம். இது முழுக்க எனக்கே அவள் கொடுத்தது.